சத்தம் மட்டும் வந்த ஞாயிறுகள்

என் நாத்தனாருக்கு அவர் வேலை பார்க்கும் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் 'கழுகு' என்று பெயர். வெள்ளை வெளிச்சம் பரவிய ஒரு பலகைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். எதிரே பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும். கழுத்தில் மயிரிழைக் கீறல், அடியில் ஒரு குமிழி, விளிம்பில் ஒரு சின்னச் சில்லு, எதுவாக இருந்தாலும் கை நீண்டு அந்தப் பாட்டிலைத் தூக்கிக் கூடையில் போட்டுவிடும். இயந்திரங்களின் இரைச்சல் தாங்காமல் மற்றவர்கள் காதை அடைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். இவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

நாத்தனார் என்றதும் உங்கள் மனதில் ஒரு படம் ஓடும். ஓடட்டும், பாதி சரிதான். நான் கல்யாணமாகி வந்த புதிதில், மடித்து வைத்த துணியை எடுத்து உதறி, என் கண் முன்னாலேயே மறுபடி மடிப்பார். நான் முணுமுணுப்பேன். அவர் என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டுவிடுவார். முணுமுணுக்கக்கூட வழியில்லாமல் குடித்தனம் நடத்தியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவரோடு சண்டை போடுவதற்காகவே நான் சைகை மொழி கற்றுக்கொண்டதாக என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய்யில்லை. எங்கள் வீட்டில் கைகலப்பு என்றால் பேச்சுவார்த்தை என்று பொருள். ஆனால் ஒருநாளும் நான் ஜெயித்ததில்லை. தன் பக்கத்தைச் சொல்லி முடித்ததும் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அதற்கு மேல் நான் எவ்வளவு கையை வீசினாலும் வீண்தான்.

கையால் பேசியதையெல்லாம் இங்கே வாய்ப்பேச்சாகவே எழுதுகிறேன். வீட்டில் எங்களுக்கு அது அப்படித்தான்.

அவருடைய கணவர், மகள் தவழும் வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி வீடே தன் வீடு என்று ஆகிவிட்டது. அந்த மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாயாடி. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். வாயில் முதல் சொல் வருவதற்கு முன்பே கையில் வந்துவிட்டது. வளர்ந்த பிறகு வாயும் கையும் ஒன்றாக ஓடும். எங்களுக்கு வாயால் சொல்லும்போதே அம்மாவுக்குக் கையால் சொல்லிக்கொண்டிருப்பாள். அது போதாதென்று, தாயும் மகளும் தங்களுக்கு மட்டும் ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே, சட்டைக் காலரை ஒட்டி, விரல் நுனிகள் மட்டும் படபடவென்று ஆடும். நாங்கள் அதைக் கழுத்தடிப் பேச்சு என்போம். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அதில் ஒரு சொல் விளங்கியதில்லை. என் வீட்டுக்காரருக்கும்தான். எங்களைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்பது மட்டும் அவர்கள் சிரிக்கிற சிரிப்பில் தெரியும்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கெட்டுப்போன எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. அக்கா மகளுக்கு வெளிநாட்டில், முதியோர் இல்லத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். நண்பர் ஒருவரிடம் நடையாய் நடந்து வாங்கினார். அவள் விமானம் ஏறிய அன்றைக்கு, பழுது பார்க்கப் போன கட்டடத்தில் லிஃப்டுக்குள் நின்றவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாராம். அவர்களும் பாவம், வேறு எங்கே போவார்கள்.

அவள் போனதும் வீடு அடங்கிவிட்டது. போனில் படத்தோடு பேசிப் பார்த்தோம். முகம் வரும், குரல் வரும், கை மட்டும் கலைந்து மங்கிவிடும். கையை வேகமாக ஆட்டினால் ஐந்து விரல் ஒரே விரலாகிவிடும். எழுதி அனுப்பலாம் என்றால், நாத்தனார் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காரவில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் சலித்துப் போய் போனை என்னிடம் நீட்டிவிடுவார். ஆகவே என் வீட்டுக்காரர் ஒரு வழி செய்தார். அவள் வாரம் ஒரு வீடியோ எடுப்பாள். அதைச் சுருக்காமல் கொள்ளாமல் முழுசாக எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுவாள். டிவிக்குப் பின்னால் ஒட்டவைத்த கையகலப் பெட்டி, அதை எடுத்து டிவியில் ஓட்டும். டிவியில் அவள் கை நிஜக் கை அளவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கூடத்தில் உட்காருவோம். அவள் வாயால் எங்களுக்கும் கையால் அம்மாவுக்கும் சொல்வாள். "சரி மாமா, சரி அத்தை, வச்சிடறேன்" என்பாள். ஆனால் வைக்க மாட்டாள். போனுக்குக் கிட்டே வந்து, சத்தமே இல்லாமல் கொஞ்ச நேரம் கழுத்தடிப் பேச்சு நடக்கும். அந்த நேரத்தில் நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவேன். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் எனக்கென்ன வேலை? பிறகு நாத்தனார் என் போனின் முன் நின்று பதில் பேசுவார், அதை நான் அனுப்பிவிடுவேன். இப்படி இரண்டு வருஷம் நன்றாகவே ஓடியது.

அப்புறம்தான் அவள் புதுப் போன் வாங்கினாள்.

அந்த ஞாயிறு டிவி கருப்பாகவே இருந்தது. குரல் மட்டும் வந்தது. "மாமா, எப்படி இருக்கீங்க? இங்க நான் நல்லா இருக்கேன்" என்று கணீரென்று வந்தது. என் வீட்டுக்காரர் பெட்டியைக் கழற்றி மாட்டினார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், அக்கம்பக்கத்தில் விசாரித்தார். கடைசியில் விஷயம் இதுதான். வீடியோ என்பது பெரிய போர்வையைச் சின்னப் பைக்குள் மடித்துத் திணிப்பது மாதிரி. மடித்த விதம் தெரிந்தால்தான் பிரிக்க முடியும். பழைய போன் எச்.264 என்ற முறையில் மடித்தது. புதுப் போன் எச்.265 என்ற முறையில் மடிக்கிறது. எங்கள் பெட்டிக்கு 264 தான் தெரியும். சத்தத்தை மட்டும் புதுப் போனும் பழைய மாதிரியே மடித்ததால் அது வந்துவிட்டது. ஒரே ஒரு எண் கூடியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. என் போனில் போட்டுப் பார்த்தால் குரல் பாட்டுக்கு ஓட, படம் ஓரிடத்தில் உறைந்து நின்றது.

"குரலாவது வருதே, அது போதும்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன். கருப்பு டிவியின் முன் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்று, காதில் விழுவதைக் கையால் சொன்னேன். அவள் நன்றாக இருக்கிறாள், அங்கே அவளைப் பாராட்டினார்களாம், இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம், அவளுக்கும் சந்தோஷமாம்.

"முகம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"முகம் தெரியலை அண்ணி. குரல் சந்தோஷமா இருக்கு."

"குரல் எப்படிச் சந்தோஷமா இருக்கும்?"

சிரித்து வைத்தேன். "வச்சிடறேன்" என்ற குரலோடு என் வீட்டுக்காரர் ரிமோட்டை அழுத்திவிட்டார். "கடைசியில?" என்று நாத்தனார் தன் காலர் பக்கம் விரலைக் காட்டினார். "பெட்டியைச் சரி பண்ணிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கலாம் அக்கா" என்றார் தம்பி.

அடுத்த வாரமும் கருப்புதான். அதே குரல், அதே செய்தி. நாத்தனார் முன்பு போலவே வேலைக்குப் போனார், வந்தார், நான் மடித்த துணியை மறுபடி மடித்தார். ஆனால் நான் சொல்வதைப் பார்க்கும்போது பாட்டிலைப் பார்க்கிற பார்வை பார்த்தார். அந்த வாரம் பதில் பேச நின்றபோது கொஞ்ச நேரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "உனக்குச் சந்தோஷம்னா எனக்கும் சந்தோஷம். கையெழுத்துப் போடு" என்று சொன்னார். அதை நானே அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் விடுகிற ஆள் இல்லை. மூன்றாவது வாரம் வந்த வீடியோவை 264 ஆக மாற்றுகிற மென்பொருள் ஒன்றைப் பிடித்தார். பாடம் நடத்தி வீடியோ எடுப்பவர்களுக்காகச் செய்தது அது. எங்கள் கம்ப்யூட்டரோ கிழம். பாரத்தைக் குறைத்தால்தான் மாற்றவே முடியும். படத்தைச் சின்னதாக்கு என்று ஒரு கட்டம் இருந்தது, டிக் போட்டார். சத்தமில்லாத பகுதிகளை நீக்கு என்று இன்னொரு கட்டம் இருந்தது, அதையும் டிக் போட்டார். சனிக்கிழமை முழுக்க அலமாரிக்குள் கம்ப்யூட்டரின் மின்விசிறி ஓலமிட்டது.

ஞாயிறு மதியம் படம் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் இளைத்திருந்தாள், முடியை வெட்டியிருந்தாள். கை கொஞ்சம் வெட்டி வெட்டி ஆடியது. "திங்கட்கிழமை காலைல கையெழுத்து மாமா, எல்லாம் உங்களாலதான்" என்றாள். என் வீட்டுக்காரர் மார்பு ஒரு சுற்று பெருத்தது. "வச்சிடறேன்" என்றாள், படம் முடிந்தது.

நாத்தனார் எழுந்து டிவிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதை வெட்டியிருக்கே" என்றார் தம்பியிடம். "கை தோள்ல இருக்கு, அடுத்த நொடி மடியில இருக்கு. நடுவுல எங்க போச்சு? கடைசி எங்க?"

"எதையும் வெட்டலை அக்கா. சத்தம் இல்லாத இடத்தை மட்டும்தான் எடுத்தேன்." வாயால் சொல்லிக்கொண்டே கையாலும் சொன்னார். "அதுல ஒண்ணுமே இல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. நாத்தனார் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்! "சத்தம் இல்லாத இடத்துல ஒண்ணும் இல்லைன்னு யார்கிட்ட சொல்றீங்க? இந்த வீட்டுல பாதிப் பேச்சு அங்கதானேங்க நடக்குது!" என்று கத்தினேன். பேசாத மனிதர் ஒருவரின் பேச்சையே கத்தரித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன் இரண்டு வாரம் குரலை மட்டும் கேட்டுக் கையால் சொன்னவள் நான்தான் என்பது அந்தக் கோபத்தில் எனக்கு நினைவில்லை.

நாத்தனார் கண்ணைத் திறந்து, "முழு வீடியோ இருக்கா?" என்றார்.

இருந்தது. என் வீட்டுக்காரர் எதையும் அழிக்க மாட்டார். அந்தக் கஞ்சத்தனம் அன்றைக்கு உதவியது.

"இந்தப் பெட்டியோட மல்லுக்கட்ட வேண்டாம். வேற டிவிக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் ஒரு பல் டாக்டரம்மா தனியாகக் குடியிருக்கிறார். புது டிவி, சுவரில் பாதி இருக்கும். அதற்குப் பெட்டியே தேவையில்லை. பென் டிரைவைச் செருகியதும் 265 சொந்த ஊருக்கு வந்தது போல ஓட ஆரம்பித்தது. படம் அவ்வளவு துல்லியம். அவள் கை விரல்களில் தோல் வெடித்திருப்பதுகூடத் தெரிந்தது. கருப்பாக ஓடிய முதல் வாரத்து வீடியோவிலிருந்து வரிசையாகப் போடச் சொன்னார் நாத்தனார்.

"உங்க வீட்டுப் பொண்ணு எவ்வளவு சந்தோஷமாப் பேசறா!" என்றார் டாக்டரம்மா. குரலைக் கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். "வச்சிடறேன்" என்றதும் அவரும் பழக்கத்தில் ரிமோட்டை எடுத்தார். நாத்தனார் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

டிவியில் அவள் முகம் கிட்டே வந்தது. சிரிப்பு போய்விட்டது. காலர் பக்கத்தில் விரல்கள் ஆடத் தொடங்கின. அறையில் ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் வீடியோவுக்கு அவர் கன்னம் இறுகியது. இரண்டாவதை மறுபடி போடச் சொன்னார். மூன்றாவதில் விரல்கள் கொஞ்ச நேரம்தான் ஆடின. அது முடிந்ததும் நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, எங்களுக்குப் புரிகிற பெரிய சைகையில், நிதானமாகச் சொன்னார்.

"அவளுக்கு அங்க இருக்க முடியலையாம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேசவே ஆள் இல்லையாம். வேலை முடிஞ்சு வந்து சுவரைப் பார்த்துக் கையால பேசறாளாம். மாமா ஆசையா வாங்கிக் கொடுத்த வேலை, அவர்கிட்ட வாய் திறந்து சொல்ல முடியாதுங்கறா. 'நீ வான்னு சொன்னா வந்துடறேன் அம்மா, சொல்லலைன்னா கையெழுத்துப் போடறேன்'. முதல் வாரமும் இதான். ரெண்டாவது வாரமும் இதான்."

"மூணாவது?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"'சரிம்மா, நீ சொன்ன மாதிரியே செய்யறேன்'."

என் வீட்டுக்காரர் சுவரோரம் போய் நின்றுகொண்டார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் என்ன அவ்வளவு மோசமானவனா?" என்றார், யாரையும் பார்க்காமல். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எவ்வளவு ஆசையாகப் பண்ணினார் எல்லாவற்றையும்.

வீடியோ எடுத்து அனுப்பலாம், ஆனால் அவள் எப்போது பார்ப்பாளோ. விடிந்தால் கையெழுத்து. டாக்டரம்மாவின் போனில் படத்தோடு கூப்பிட்டோம். இரண்டு தரம் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் எடுத்தாள். வழக்கம் போல மங்கல். முகம் இருக்கிற இடத்தில் ஒரு வெளுப்பு, கை இருக்கிற இடத்தில் ஒரு கலங்கல். "அத்தையா? யார் நம்பர் இது? என்ன ஆச்சு?" என்றது குரல்.

நான் போனை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினேன். நாத்தனார் காலர் பக்கம் விரலைக் கொண்டு போனார். ஒரு நொடி யோசித்தார். விரலை மடக்கிக்கொண்டு, பின்னால் நான்கடி நகர்ந்தார். சோபாவைக் காலால் தள்ளினார். இரண்டு கையையும் அகல விரித்து, காற்றையே வாரி அணைப்பது போல மார்போடு இழுத்துக்கொண்டார். வா. மறுபடி விரித்தார், மறுபடி இழுத்தார். வா. எந்த மங்கலிலும் தப்பாது அது. மாடியிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

அவள் மெல்லக் கேட்டாள்.

"மாமா அங்க இருக்காரா?"

அந்தக் குரலில் பயம் இருந்தது. என் வீட்டுக்காரர் சுவரோரத்திலிருந்து வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார். அவரும் கையை விரித்தார். லிஃப்ட் கதவை நெம்பித் திறக்கிற கை, நீளமான கை. ஒரு பூந்தொட்டியைத் தட்டிவிட்டது. அதைக் கவனிக்காமல் மார்போடு இழுத்துக்கொண்டார். இரண்டு பேரும் மாறி மாறி இழுத்தார்கள்.

"அத்தை, எனக்குப் படம் சரியாத் தெரியலை. மாமாவும் வான்னுதான் சொல்றாரா?"

"ஆமாடி, வான்னுதான் சொல்றார்" என்றேன். "டாக்டர் வீட்டுத் தொட்டியை உடைச்சுட்டுச் சொல்றார்."

அவள் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள், பாதி காதில் விழுந்தது. கையெழுத்துப் போடவில்லை, டிக்கெட் பார்க்கிறேன் என்றது விழுந்தது. அத்தோடு படம் உறைந்து தொடர்பு அறுந்தது.

நாத்தனார் கையைக் கீழே போடாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். டாக்டரம்மா தொட்டி ஓடுகளின் நடுவில் நின்றுகொண்டு, "என்னங்க ஆச்சு? என்ன சொன்னா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்துத் திரும்பி நின்று, டாக்டரம்மாவுக்கு வாயாலும் அக்காவுக்குக் கையாலும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்.

"அவ வீட்டுக்கு வர்றா."